லோயர் ஆர்ம் போச்சு சார்!

மழை விட்டதும் சாலையில் பள்ளமும் பட்டறையில் கூட்டமும் சேர்ந்தே வருகின்றன. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘டக் டக்’, ‘கட கட’, ‘கீச் கீச்’ ரகம். எல்லாவற்றுக்கும் காது கொடுத்திருக்கிறேன்.

“லோயர் ஆர்ம் போச்சு சார்” என்கிறார் மெக்கானிக். எங்கே போச்சு?
– வாசகர், கரூர்

எங்கேயும் போகவில்லை. இருந்த இடத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் ஆடிக்கொண்டு. முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். முக்கோணமாகவோ வளைந்த கொம்பாகவோ கறுப்பாக ஒரு இரும்புத் தகடு தெரியும். உள்பக்கம் இரண்டு இடங்களில் வண்டியின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு மாட்டியிருக்கும். அந்த இரண்டு இடத்திலும் ரப்பர் புஷ். வெளிப்பக்க முனையில் ஒரு பால் ஜாயின்ட். அது சக்கரத்தைச் சுமக்கும் நக்கிளைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதுதான் கன்ட்ரோல் ஆர்ம். கதவு கீலில் திரும்புவது போல, உள்பக்கப் புஷ்களில் திரும்பிச் சக்கரத்தை மேலும் கீழும் போகவிடும். முன்னே, பின்னே, பக்கவாட்டில் மட்டும் விடாது.

இரும்பு லேசில் போகாது. போவதெல்லாம் அதன் முனைகளில் இருக்கும் இரண்டு ரப்பரும் ஒரு குண்டும்தான். ஆகவே ‘ஆர்ம் போச்சு’ என்றால், ‘மூன்றில் எது?’ என்று திருப்பிக் கேளுங்கள். பில்லின் நீளம் அந்தப் பதிலில் இருக்கிறது.

அது இல்லாமல் கார் ஓடாதா?
– வாசகர், ஆம்பூர்

ஓடும். எந்தப் பக்கம் என்பதைச் சக்கரம் முடிவு செய்யும்.

லோயர் என்று ஒன்று இருந்தால் அப்பர் என்று ஒன்று இருக்க வேண்டுமே? என் ஸ்விஃப்டில் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், காணோம்.
– வாசகர், கோவை

யாரும் கழற்றிக்கொண்டு போகவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஜெனரல் மோட்டார்ஸில் ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற பொறியாளர் ஒரு சின்னக் காருக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சர்பரையும் ஒன்றாக்கித் தூணாக (ஸ்ட்ரட்) நிறுத்தி, அதன் தலையைப் பானெட்டுக்கு அடியில் பாடியிலேயே மாட்டிவிட்டால், மேல் ஆர்மே வேண்டாமே என்று தோன்றியது. அந்தச் சின்னக் கார், பெயர் செவ்ரோலே கேடட், விற்பனைக்கே வரவில்லை. மனிதர் ஃபோர்டுக்குப் போனார். யோசனையும் கூடவே போனது. 1949-ல் பிரான்ஸில் ஃபோர்டு வெடெட், அடுத்து இங்கிலாந்தில் ஃபோர்டு கான்சல், செஃபிர் என்று பரவியது. 1983 டிசம்பரில் நம் ஊருக்கு மாருதி 800 வந்தபோது அதன் முன்பக்கத்திலும் இதே தூண்தான்.

இடம் மிச்சம், பாகம் மிச்சம், காசு மிச்சம். மிச்சமான இடத்தில் என்ஜினைக் குறுக்கே படுக்கவைத்தார்கள். இன்று உங்கள் ஸ்விஃப்ட் உட்படப் பெரும்பாலான சின்னக் கார்களின் முன்பக்கத்தில் சக்கரத்துக்கு ஒரு லோயர் ஆர்ம் மட்டும். அதனால்தான் அது போனால் பேச்சுவார்த்தைக்கு வேறு ஆள் இல்லை.

சம்பந்தி வீட்டார் தங்கள் இன்னோவாவில் மேலேயும் ஒரு ஆர்ம் இருப்பதாகப் பெருமை பேசுகிறார்கள். உண்மையா?
– வாசகர், நாமக்கல்

உண்மை. ஹைகிராஸ் நீங்கலான இன்னோவா, ஃபார்ச்சூனர், 2020-க்குப் பிந்தைய தார் ஆகியவற்றின் முன்பக்கத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று. டபுள் விஷ்போன் என்று பெயர். 1930-களிலேயே சிட்ரோயென், பேக்கார்ட் கார்களில் வந்துவிட்ட ஏற்பாடு.

இதன் சூட்சுமம் நீளத்தில் இருக்கிறது. மேல் ஆர்ம் குட்டை, கீழ் ஆர்ம் நீளம். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் பாடியை நோக்கி மேலேறும். குட்டை ஆர்ம் சின்ன வட்டத்தில் திரும்புவதால் சக்கரத்தின் தலையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பாடி சாய்ந்தாலும் டயர் சாலையில் அப்பி நிற்கும்.

ஆனால் கணக்குப் போடுங்கள். பக்கத்துக்கு இரண்டு பால் ஜாயின்ட், நான்கு புஷ். தேயும் காலம் வரும்போது பெருமையும் இரட்டிப்பாக வரும். அப்போது சம்பந்தியிடம் மறக்காமல் விசாரியுங்கள்.

சத்தத்தை ஃபோனில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். ‘டக் டக்’ என்கிறது. ஆர்ம்தானே?
– வாசகர், திண்டுக்கல்

பதிவில், “ஸ்லோவா போங்கன்னா கேக்கறீங்களா?” என்று ஒரு குரல்தான் தெளிவாகக் கேட்கிறது. அதுவும் நல்ல யோசனைதான்.

சத்தம் எப்படி என்பதைவிட எப்போது என்பது முக்கியம். மெதுவாகப் போகையில் சின்னச் சின்ன மேடுபள்ளத்துக்கெல்லாம் ‘கட கட’ என்றால், முதல் சந்தேகம் ஆர்ம் மேல் அல்ல. ஸ்டெபிலைசர் லிங்க் ராடு மேல். விலையும் குறைவு, வேலையும் குறைவு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டொங்’ என்று ஸ்பிரிங் உதறினால் ஸ்ட்ரட் மவுன்ட்டைப் பாருங்கள். முழுதாகத் திருப்பிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கையில் ‘டிக் டிக் டிக்’ என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். பிரேக் பிடித்ததும் ஒரு ‘டக்’, விட்டதும் ஒரு ‘டக்’, ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் கிளம்பும்போது ஒரு ‘டக்’ என்றால் ஆர்ம் புஷ்தான்.

‘முன்னாடி ஏதோ சத்தம் வருது, பாருங்க’ என்று மொட்டையாகச் சொன்னால் மேற்படி அத்தனையும் மாற்றப்படும். சத்தம் போய்விடும். சேமிப்பும்.

என் மனைவி ஓட்டினால் சத்தமே வருவதில்லை. நான் ஓட்டினால் மட்டும் வருகிறது. ஏன்?
– வாசகர், மதுரை

அவர் பள்ளத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறார். நீங்கள் பள்ளத்துக்குள் இருக்கும்போது குறைக்கிறீர்கள்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பிரேக்கை அழுத்தியபடியே பள்ளத்தில் இறங்கினால் வண்டியின் மூக்கு ஏற்கெனவே தாழ்ந்திருக்கும்; ஸ்பிரிங் பாதி அமுங்கியிருக்கும். பிரேக் சக்கரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டிருக்க, பள்ளத்தின் விளிம்பும் அதே பக்கம் தள்ளும். இரண்டு தள்ளும் ஆர்மின் புஷ்ஷில் போய் முட்டும். பள்ளத்துக்கு முன்னால் பிரேக் பிடியுங்கள். விளிம்பில் காலை எடுத்துவிடுங்கள். கற்றுக்கொள்ள ஆள் பக்கத்து இருக்கையிலேயே இருக்கிறார்.

மூன்று முறை அலைன்மென்ட் செய்தும் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?
– வாசகர், திருச்சி

சொல்லாது. ஆனால் அது அளந்தது நிற்கும் காரை. நீங்கள் தேய்ப்பது ஓடும் காரின் டயரை.

அலைன்மென்ட்டில் மூன்று கோணங்கள் உண்டு. சக்கரங்களின் மூக்கு உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பது டோ. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறதா வெளியே சாய்கிறதா என்பது கேம்பர். ஸ்டியரிங் திருப்பும் அச்சு முன்பின்னாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர். பெரும்பாலான சின்னக் கார்களில் திருத்துவதற்கென்று கம்பெனி விட்டுவைத்திருப்பது டோவை மட்டும்தான். மற்ற இரண்டையும் ஆர்மும் ஸ்ட்ரட்டும் இருக்கிற இடம் தீர்மானிக்கிறது.

புஷ் கிழிந்திருந்தால், நிற்கும்போது எல்லா எண்ணும் பச்சையாகவே வரும். ஓடத் தொடங்கியதும், பிரேக் பிடித்ததும், சக்கரம் தன் இஷ்டத்துக்கு விலகும். உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒருமுறை உள்ளிருந்து வெளியே, ஒருமுறை வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். ஒரு பக்கம் போகையில் வழவழப்பு, திரும்பி வருகையில் நெருடல் என்றால் டோ தப்பு. முதலில் ஆட்டத்தை எடுங்கள், அப்புறம் அலைன்மென்ட். வரிசை மாறினால் கடைக்காரர் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிய புண்ணியம் மட்டும் மிஞ்சும்.

பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. பிரேக் பேடு மாற்றியும் தீரவில்லை.
– வாசகர், விழுப்புரம்

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் நிற்கப் பார்க்கிறது. வண்டி போகப் பார்க்கிறது. இந்தத் தகராறைத் தாங்குவது ஆர்மும் அதன் புஷ்களும். ஒரு பக்கப் புஷ் கிழிந்திருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் சற்றுப் பின்வாங்கும், டோ மாறும், ஸ்டியரிங் கோணும். பிரேக் காலிப்பர் சிக்கியிருந்தாலும் இதே இழுப்பு வரும் என்பதால் முதலில் அதைப் பார்த்தது நியாயம். ஓட்டி முடித்ததும் இரண்டு முன்சக்கரத்திலும் ஒரே அளவு சூடுதான் அடிக்கிறது என்றால் பிரேக்கை விட்டுவிட்டு ஆர்ம் பக்கம் வாருங்கள்.

வாட்டர் சர்வீஸில் அடியில் டீசல் அடித்துத் தருகிறார்கள். கீச் கீச் சத்தம் நின்றுவிடுகிறது. மாதாமாதம் செய்யலாமா?
– வாசகர், ஈரோடு

செய்யலாம், மாதாமாதம் புஷ் வாங்க உத்தேசம் இருந்தால்.

ஆர்ம் புஷ்ஷில் இருப்பது பொதுவாக இயற்கை ரப்பர். அதற்குப் பெட்ரோல், டீசல், என்ஜின் ஆயில், சாதா கிரீஸ் எதுவும் ஆகாது. எண்ணெயைக் குடித்து உப்பும், இளகும், பிறகு கிழியும். சத்தம் நிற்பது குணமானதால் அல்ல, வலி தெரியாமல் ஊசி போட்டதால். கீச்சிடுவது புஷ்தானா என்று தெரிய வேண்டுமானால் வெறும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சத்தம் சற்று நேரம் அடங்கினால் இடம் தெரிந்துவிட்டது. ரப்பருக்கும் கேடில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

முடியும், ஒரு நிபந்தனையோடு: ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். ஸ்டாண்டு கொடுங்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடத்தில் இரண்டு கைகளாலும் டயரைப் பிடித்து ஆட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று ஆட்டம் தெரிந்தால், வீட்டில் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட். 9-ம் 3-ம் பிடித்து ஆட்டுகையில் ஆட்டம் வந்தால் ஸ்டியரிங்கின் டை ராடு எண்டு அல்லது ரேக் எண்டு.

புஷ்ஷுக்குக் கை பலம் போதாது. டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் மேல்தோலில் மெல்லிய வெடிப்பு இருந்தால் வயசு. கிழிந்து இரும்புக் குழாய் ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தால் முடிவு. பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறையையும் பாருங்கள். அது கிழிந்து கிரீஸ் வழிந்திருந்தால், ஆட்டம் இன்று இல்லாவிட்டாலும் நாளை உண்டு. கிரீஸ் வெளியே வந்த வழியில்தான் தண்ணீரும் மணலும் உள்ளே போகும்.

“பால் ஜாயின்ட்ல லேசா ஆட்டம் இருக்கு, இப்போதைக்கு ஓட்டலாம்” என்கிறார்கள். ‘இப்போதைக்கு’ என்றால் எவ்வளவு நாள்?
– வாசகர், நாகர்கோவில்

பட்டறையிலிருந்து வீடு வரை. அதுவும் மெதுவாக.

புஷ் கிழிந்தால் சத்தம், இழுப்பு, டயர் தேய்மானம் என்று பல மாதம் தொல்லை கொடுத்துத்தான் மிரட்டும். பால் ஜாயின்ட் அப்படியல்ல. குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றால் சக்கரத்தின் அடிப்பக்கத்துக்குப் பிடிமானமே கிடையாது. சக்கரம் மடங்கி, வண்டி மூக்கைத் தரையில் குத்தும். ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும், அவ்வளவுதான்.

இதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. மெக்ஃபர்சன் வண்டியில் எடையைத் தூண் சுமக்கிறது. கீழ் பால் ஜாயின்ட்டின் வேலை இடம் பெயராமல் பிடித்துக்கொள்வது. டபுள் விஷ்போனில் ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல் உட்கார்ந்திருந்தால், வண்டியின் அந்த மூலை முழுவதையும் சுமப்பது கீழ் பால் ஜாயின்ட்தான். நாமக்கல் வாசகரே, சம்பந்தி வீட்டாருக்கு இதையும் சொல்லிவையுங்கள்.

புஷ் மட்டும் மாற்றுவதா, முழு ஆர்மா?
– வாசகர், சேலம்

வண்டியைப் பொறுத்தது. சில கார்களில் பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும், தனியாகக் கிடைக்காது. சிலவற்றில் மூன்று போல்ட்டைக் கழற்றி மாற்றலாம். புஷ் தனியாகக் கிடைத்தாலும் ஆர்மைக் கழற்றி, பிரஸ்ஸில் வைத்துப் பழையதைத் தள்ளி, புதியதைக் கோணாமல் ஏற்ற வேண்டும். பிரஸ் இல்லாத இடத்தில் சுத்தியல்தான் பிரஸ். அடித்து ஏற்றிய புஷ், அடித்த அடியை மறக்காது.

பால் ஜாயின்ட் நன்றாக இருந்து, ஆர்ம் வளையாமல் துருப்பிடிக்காமல் இருந்தால் புஷ் போதும். இரண்டும் போய்விட்டதென்றால் முழு ஆர்ம் வாங்குவதே சிக்கனம்; கழற்றி மாட்டும் கூலி எப்படியும் ஒன்றுதான். இரண்டு பக்கப் புஷ்ஷுக்கும் வயசு ஒன்று என்பதால் சேர்த்து மாற்றுவது நல்லது. பள்ளத்தில் விழுந்து ஒரு பக்கம் மட்டும் வளைந்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் போதும்.

நல்ல கம்பெனி ஆர்ம்தான் போட்டேன். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. டூப்ளிகேட்டாக இருக்குமோ?
– வாசகர், வேலூர்

இருக்கலாம். அதற்கு முன் ஒரு கேள்வி: போல்ட்டை எப்போது இறுக்கினார்கள்?

புஷ்ஷைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவில் ரப்பர், உள்ளே ஒரு இரும்புக் குழாய். ரப்பர் இரண்டு இரும்போடும் ஒட்டிப் பிறந்தது. போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் அடிச்சட்டத்தோடு அசையாமல் நின்றுவிடும். பிறகு ஆர்ம் ஏறி இறங்கும்போது எதுவும் உருண்டு சுழல்வதில்லை. ரப்பரே முறுக்கிக்கொண்டு, மறுபடி திரும்புகிறது.

லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது ஆர்மும் கீழே சரிந்திருக்கும். அந்த நிலையில் போல்ட்டை முடுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், ஆர்ம் மேலே வரும். ரப்பர் முறுக்கேறி நிற்கும். வண்டி வாசலில் சும்மா நிற்கும்போதும் முறுக்கு, ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கு. கிழியாமல் என்ன செய்யும்? சரியான முறை, போல்ட்டை லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு டார்க் ரென்ச் வைத்து இறுக்குவது. கூடுதலாக ஆகும் சில நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் பல நல்ல ஆர்ம்கள் டூப்ளிகேட் என்று பெயர் வாங்குகின்றன.

பழைய ஆர்ம் வாங்கலாமா? சென்னைப் புதுப்பேட்டையில் பாதி விலை என்கிறான் நண்பன்.
– வாசகர், தாம்பரம்

புதுப்பேட்டையில் கண்ணாடி வாங்குங்கள், கதவு வாங்குங்கள். ரப்பரும் குண்டும் உள்ள பாகத்தை மட்டும் இரண்டாம் கையில் வாங்காதீர்கள். தேய்ந்ததைக் கழற்றிவிட்டுத் தேய்ந்ததையே மாட்டுவதற்கு எதற்குப் பாதி விலை?

புதியது வேண்டுமானால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடைக்குக் கடை கிடைக்கும். ஸ்டியரிங், சஸ்பென்ஷன் இணைப்புகள் செய்யும் ரானே மெட்ராஸ் சென்னைக் கம்பெனிதான். எதை வாங்கினாலும் பால் ஜாயின்ட்டின் கழுத்தைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே சீராக, கொஞ்சம் இறுக்கமாக அசைய வேண்டும். தொட்டதும் தொளதொள என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடை.

பள்ளத்தில் விழுந்து வளைந்த ஆர்மைச் சூடு போட்டு நிமிர்த்தித் தருவதாகச் சொல்கிறார் வெல்டிங் கடைக்காரர்.
– வாசகர், சிவகாசி

நிமிர்த்துவார். நம்பி ஏறுவது யார்?

வளைந்து நிமிர்ந்த உலோகத்துக்குப் பழைய பலம் கிடையாது. சூடு காட்டினால் இருக்கிற பலமும் மாறும். அலுமினியத்தில் செய்த ஆர்ம் என்றால் பேச்சே வேண்டாம். சக்கரப் பக்கம் எடை குறைந்தால் அது சாலையின் மேடுபள்ளத்துக்குச் சட்டென்று ஈடுகொடுக்கும் என்பதற்காகச் சில கார்களில் அலுமினிய ஆர்ம் வைக்கிறார்கள். உங்களுடையது எதுவென்று தெரிய காந்தம் போதும், ஒட்டாவிட்டால் அலுமினியம். ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் வளைந்தது பழைய இரும்புக் கடைக்கு.

எங்கள் தெரு ஸ்பீட் பிரேக்கர்தான் என் ஆர்முக்கு எமன். இதற்கெல்லாம் அளவே கிடையாதா?
– வாசகர், ஆவடி

உண்டு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் எழுதி வைத்திருக்கிறது: வட்ட மேடு என்றால் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம். 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். உங்கள் தெருவில் போட்டிருப்பது ஸ்பீட் பிரேக்கர் அல்ல, கரை. அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். வேகம் குறைகிறதோ இல்லையோ, பட்டறை பிழைக்கிறது.

லாரிக்கும் கன்ட்ரோல் ஆர்ம் உண்டா?
– வாசகர், சங்ககிரி

லாரி ஊர்க்காரரே கேட்டால் எப்படி? வழக்கமான சரக்கு லாரியில் முன்பக்கம் ஒரே கட்டை ஆக்ஸில். அதைத் தாங்குவதும் முன்பின் நகராமல் பிடிப்பதும் லீஃப் ஸ்பிரிங்தான். சக்கரம் திரும்புவது கிங் பின்னில். அதற்காக, கட்டை ஆக்ஸில் என்றாலே ஆர்ம் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். மாருதி ஜிம்னியில் முன்னும் பின்னும் கட்டை ஆக்ஸில்தான். ஆனால் ஸ்பிரிங் சுருள் வகை. சுருளுக்குத் தாங்கத்தான் தெரியும், இழுத்துப் பிடிக்கத் தெரியாது. ஆகவே ஆர்ம்கள் தேவைப்படுகின்றன.

என் காரின் பின்சக்கரத்தில் ஆர்மே இல்லையாமே. கம்பெனி ஏமாற்றிவிட்டதா?
– வாசகர், புதுச்சேரி

இல்லை, சிக்கனம் பிடித்திருக்கிறது. நம் சின்னக் கார்கள் பலவற்றில் பின்பக்கம் டார்ஷன் பீம். இரண்டு பக்கக் கைகளையும் நடுவில் ஒரு உத்திரத்தையும் ஒன்றாக வெல்டு செய்தது, உத்திரம் முறுக்கிக்கொடுக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டே புஷ். மறுகோடியில் 1982-ல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 190. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து இணைப்புத் தண்டு. இணைப்பு கூடக் கூடச் சொகுசு கூடும். சொகுசு கூடக் கூட எஸ்டிமேட்டும் கூடும்.

கன்ட்ரோல் ஆர்மை அழுக்கில்லாமல் பார்க்க ஏதாவது வழி?
– கல்லூரி மாணவி, காஞ்சிபுரம்

பக்கத்திலேயே இருக்கிறது இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடல். ஃபார்முலா வகைப் பந்தயக் கார்களுக்குச் சக்கரம் பாடிக்கு வெளியே இருப்பதால், மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், நடுவே சாய்ந்து போகும் புஷ் ராடு (தள்ளுதண்டு) எல்லாம் கண்ணெதிரே. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓடின ஃபார்முலா 4 கார்களிலும் இதே டபுள் விஷ்போன்தான். ஃபார்முலா 1-ல் அந்த ஆர்ம்களைக் கார்பன் ஃபைபரில் செய்கிறார்கள். காற்றைக் கிழிக்கும்படி தட்டையாக. விலையை மட்டும் அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

பாலியூரித்தேன் புஷ் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார்கள்.
– வாசகர், திருப்பூர்

புஷ்ஷுக்குக் கவலையில்லை, உங்களுக்கு உண்டு. விறைப்பு அதிகம் என்பதால் ஸ்டியரிங் கச்சிதமாகும். அதே விறைப்பால் சாலையின் அதிர்வெல்லாம் இருக்கைக்கு வரும். உரிய கிரீஸ் வைக்காவிட்டால் கீச்சிடும். பந்தயம் ஓட்டுபவர் போடட்டும். பாட்டியைப் பழனிக்குக் கூட்டிப்போகிறவர் ரப்பரே போடட்டும்.

எலெக்ட்ரிக் கார் வாங்கினேன். என்ஜினே இல்லை, ஆனாலும் அடியில் சத்தம்.
– வாசகர், ஓசூர்

என்ஜின்தான் போனது, ஆர்ம் அங்கேயே இருக்கிறது. பேட்டரியால் வண்டி கனமாகியிருப்பதால் புஷ்ஷுக்கு வேலை அதிகம். போதாததற்கு, இதுவரை எல்லாவற்றையும் மூடி மறைத்த என்ஜின் சத்தமும் இல்லை. காது புதிது, சத்தம் பழையது.

ஆர்ம் வளைந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?
– வாசகர், கடலூர்

தேய்ந்தால் கிடைக்காது. பள்ளத்திலோ கல்லிலோ அடிபட்டு வளைந்தால், சொந்த வாகனச் சேதத்துக்கும் சேர்த்து பாலிசி எடுத்திருந்தால் கேட்கலாம். ஆனால் ரப்பர் பாகத்துக்குப் பாதி தேய்மானம் கழிப்பார்கள். இரும்புக்கு வண்டியின் வயசுக்கேற்பக் கழிப்பார்கள். கட்டாயக் கழிவுத் தொகை தனி. எல்லாம் போகக் கையில் வரும் சில்லறைக்காக, ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த 50 சதவீத போனஸை விடுவதா என்று யோசியுங்கள். ஆர்மோடு ஸ்ட்ரட்டும் வீலும் போயிருந்தால் கேளுங்கள். ஆர்ம் மட்டும் என்றால் பர்ஸைத் திறப்பதே லாபம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆர்ம் மாற்ற வேண்டும்?
– வாசகர், நெய்வேலி

கிலோமீட்டர் பார்த்து மாற்றுவது என்ஜின் ஆயிலை. ஆர்மைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். நான்குவழிச் சாலையிலேயே ஓடிய வண்டியின் புஷ் 1 லட்சம் கி.மீ. தாண்டியும் நன்றாக இருக்கும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருவில் குடியிருந்தால் அதில் கால்வாசிக்கே கிழியும். ஒவ்வொரு சர்வீஸிலும் லிஃப்டில் ஏறும்போது ஒரு பார்வை. மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு பார்வை.

புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றித்தான் எடுத்தேன். ஆறே மாதத்தில் ஆர்ம் சத்தம்!
– வாசகர், திருநெல்வேலி

நான்கு சக்கரத்துக்கும் வைத்தீர்கள், ஆர்முக்கு வைத்தீர்களா? போகட்டும், ஆறு மாதம் என்றால் எலுமிச்சையைவிட வாரண்டி புத்தகத்துக்குச் சக்தி அதிகம். புஷ்ஷைத் தேய்மானப் பட்டியலில் போட்டு விலக்கியிருக்கிறார்களா என்று அதில் பார்த்துவிட்டு, சர்வீஸ் சென்டரில் எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்ன சத்தத்தை யாரும் கேட்டதாக ஒப்புக்கொள்வதில்லை.

மெக்கானிக்கிடம் ஏமாறாமல் இருக்க ஒரு மந்திரம் சொல்லுங்களேன்.
– வாசகர், அரியலூர்

பெரும்பாலும் அவர் ஏமாற்றுவதில்லை, ஊகிக்கிறார். ஊகத்துக்குப் பணம் கொடுப்பது நாம். ஆகவே நான்கு காரியம் செய்யுங்கள். வண்டி லிஃப்டில் இருக்கும்போதே கீழே போய், நெம்பிக் காட்டச் சொல்லி எது ஆடுகிறது என்று கண்ணால் பாருங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். போல்ட்டைத் தரையில் இறக்கி இறுக்கச் சொல்லுங்கள். ஆர்ம் மாற்றிய அன்றே அலைன்மென்ட் செய்து, முன்னும் பின்னும் வந்த எண்களை அச்செடுத்து வாங்குங்கள்.

இத்தனையும் நினைவில் நிற்காது என்றால் ஒரே வாக்கியம்: “அண்ணே, முதல்ல ஆட்டத்தைக் காட்டுங்க. அப்புறம் நான் பணத்தைக் காட்டறேன்.”